புகார் கொடுத்தது மனைவி, மாற்றியது என்னை. நான் வழக்குப் போட முடியுமா?

டாலஸ்வாசி:
நானும் மனைவியும் டெக்சஸில் ஒரே கம்பெனி. பெண் என்பதால் பதவி உயர்வு தரவில்லை என்று அவள் ஈஈஓசியில் (வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) புகார் கொடுத்தாள். கம்பெனிக்கு நோட்டீஸ் போன மூன்றாவது வாரமே, பகலில் டீம் லீடாக இருந்த என்னை நைட் ஷிப்டில் கிடங்குக்கு மாற்றி, பெட்டி பெட்டியாக பார்கோடு ஸ்கேன் பண்ண விட்டுவிட்டார்கள். சம்பளம் அப்படியே இருக்கிறது. எச்ஆரிடம் கேட்டால், "நீங்கள் புகாரே கொடுக்கவில்லையே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். எனக்கு வழக்காடும் தகுதியே இல்லையா?

பழைய எச்ஆர்:
எச்ஆர் அப்படித்தான் சொல்வார்கள், நானே சொல்லியிருக்கிறேன். 2011-இல் வந்த தாம்சன் எதிர் நார்த் அமெரிக்கன் ஸ்டெயின்லெஸ் தீர்ப்பைப் படியுங்கள். கென்டக்கியில் ஒருவர் கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்த பெண் ஈஈஓசிக்குப் போனார், அது கம்பெனிக்குத் தெரிந்து மூன்று வாரத்தில் இவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அந்தப் பெண்ணைப் பழிவாங்க இவரைக் கருவியாக்கியது உண்மையென்றால் இவரே வழக்குப் போடலாம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். நெருங்கிய குடும்பத்தாரை வேலையை விட்டு நீக்கினால் அநேகமாக எப்போதும் வழக்கு நிற்கும், வெறும் பழக்கக்காரருக்குச் சின்னத் தொந்தரவு என்றால் அநேகமாக நிற்காது என்றும் எழுதினார்கள். நீங்கள் புகார் கொடுத்தவரின் கணவர், ஆனால் வேலை போகவில்லை, நடுவில் நிற்கிறீர்கள்.

ராத்திரிப்பறவை:
2024 மல்ட்ரோ தீர்ப்பு இருக்கே! இடமாற்றத்தில் ஏதோ ஒரு பாதகம் இருந்தாலே போதும், பெரிய நஷ்டம் காட்ட வேண்டாம்.

பழைய எச்ஆர்:
தம்பி, அது பாகுபாட்டு வழக்குக்கு. இது பழிவாங்கல், இங்கே 2006 பர்லிங்டன் நார்தர்ன் அளவுகோல்தான்: இப்படிச் செய்தால் சாதாரண ஊழியர் புகார் கொடுக்கவே தயங்குவாரா? அந்த வழக்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெண்ணைத் தண்டவாள வேலைக்கு மாற்றினார்கள், அந்த மாற்றமே போதும் என்றாயிற்று. அதனால் சம்பளம் குறையவில்லை என்பதோடு கதை முடியாது.

டாலஸ்வாசி:
அண்ணே, அவள் புகாரிலேயே என் பெயரையும் சேர்த்தால் போதாதா?

பழைய எச்ஆர்:
அதை நம்பாதீர்கள், உங்கள் பெயரில் தனிப் புகார் கொடுங்கள். ஈஈஓசிக்கு உங்கள் ஊரில் 300 நாள் கெடு, மாநிலச் சட்டத்துக்கு 180 நாள், மாற்றலைச் சொன்ன தேதியிலிருந்து எண்ணுங்கள். அப்புறம் வழக்குப் போடலாம் என்று ஈஈஓசியிடமிருந்து கடிதம் வந்தால் 90 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், அதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பிடித்துவிடுங்கள்.

டாலஸ்வாசி:
மின்னஞ்சலைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், இன்று 171-ஆவது நாள். நாளைக் காலையே போகிறேன். நைட் ஷிப்ட் ஆச்சே, லீவுகூடக் கேட்க வேண்டியதில்லை.