புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, இந்தியாவின் 2030 இலக்கு போதுமா?

கோத்தகிரிக்காரன்:
மின் நிறுவுதிறனில் (எல்லா மின் நிலையங்களும் முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவில்) பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாததாக 2030-க்குள் இருக்கும் என்று 2022-இல் ஐ.நா.விடம் எழுதிக் கொடுத்தோம். 2025-லேயே எட்டிவிட்டோம். எல்லோரும் கைதட்டுகிறார்கள், எனக்கோ இலக்கைத் தாழ்வாக வைத்துவிட்டோம் என்றுதான் படுகிறது. இன்னொன்று, பொருளாதார உற்பத்தியில் ஒரு ரூபாய்க்கு வெளியாகும் பசுமைக்குடில் வாயுவை 2005-ஐவிட 45 சதவீதம் குறைப்பது. தேயிலை ஆலையில் கிலோ தூளுக்கு எரிக்கும் விறகை 45 சதவீதம் குறைத்துவிட்டு, தூளை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். விறகு லாரி முன்பைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

குந்தா ஓய்வாளர்:
தம்பி, கணக்கை 2005-இல் தொடங்குகிறீர்கள். நிலக்கரியை எரித்துப் பணக்காரரான நாடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டன. இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 2 டன். அமெரிக்கருக்கு 14 டன் அளவில். முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

கோத்தகிரிக்காரன்:
வழக்கு நியாயமானது ஐயா. வென்றாலும் வெப்பம் குறையாதே! 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது மறந்துவிட்டதா? நிறுவுதிறனில் பாதி என்கிறோம். கம்பியில் ஓடும் மின்சாரத்தில் நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு இன்னும் நிலக்கரிதான்.

குந்தா ஓய்வாளர்:
ஒற்றை மழையை எந்த இலக்கின் தலையிலும் கட்டாதீர்கள். நிலக்கரி ஏன் போகவில்லை என்பதைக் கேளுங்கள். சூரிய மின்சாரம் அடங்கும் மாலையில்தான் வீடுகளில் தேவை ஏறுகிறது. அதற்காகத்தான் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம். பகலில் மிச்சமாகும் மின்சாரத்தால் கீழ் அணையின் தண்ணீரை மேலே உள்ள போர்த்திமந்து அணைக்கு ஏற்றி, மாலையில் இறக்கிச் சுழலியைச் சுற்றுவது. ஏற்றச் செலவான மின்சாரம் முழுவதும் திரும்பாது. மலையைக் குடைந்து கட்டவும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இருட்டில் உட்காரத் தயாரா?

ஊட்டி டீச்சர்:
இருவரும் மின்சாரத்தை விட்டு நகரவே மாட்டீர்களா? மூன்றாவது வாக்குறுதிதான் நம் மலையைத் தொடுகிறது: காடு, மரங்கள் வழியே 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக உறிஞ்ச வைப்பது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் அது காடாம். என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கணக்கில் ஏறும். மண்ணுக்குள் கரியைச் சேர்த்து, கோடையிலும் ஓடைக்குத் தண்ணீர் விடும் சோலைப் புல்வெளிக்கு அதில் இடமில்லை.

குந்தா ஓய்வாளர்:
இதில் எனக்குச் சண்டையில்லை டீச்சர். ஆனால் சீகையை வெட்டினால் மரக்கணக்கு இறங்குமே?

கோத்தகிரிக்காரன்:
இறங்கட்டும். அந்தக் குறையை நிலக்கரியில் ஈடுகட்டட்டும். வெளியிடும் வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிகர பூஜ்யத்துக்கு 2070 என்று எழுதியவர்கள், கடைசி அனல்மின் நிலையம் எந்த ஆண்டு திறக்கும் என்றும் எழுதலாமே.

குந்தா ஓய்வாளர்:
எழுதலாம். 2024-இல் பாகு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஏழை நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகள் 2035-க்குள் ஆண்டுக்குத் தருவதாகச் சொன்னது 30,000 கோடி டாலர். மீதியை யார் போடுவார் என்பதையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள்.