இல்லத்தாய்கள் வேலையை விட்டுப் போகிறார்கள், எப்படித் தாங்கிப் பிடிப்பது?

கேள்வி (இல்லக் கண்காணிப்பாளர்):
வணக்கம். பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எல்லாரும் குழந்தைகள் நலக்குழு மூலமாக வந்த பிள்ளைகள், போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் நிறைய. என் கேள்வி, பிள்ளைகளோடு இருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தாய்களைப் பற்றி. ராத்திரி ஒரு பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான், கடிபடுவதும் கெட்ட வார்த்தை வாங்குவதும் ஓடிப்போன பிள்ளையைத் தேடிப் பேருந்து நிலையத்துக்கு ஓடுவதும் அவர்கள்தான், விடிந்ததும் பிள்ளைகளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பவும் வேண்டும். ஒருவர், "அந்தப் புள்ள சொன்னதே காதுல ஓடுது மேடம், தூக்கமே இல்ல" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். இன்னொருவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் என்னிடம் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில் (முன்னாள் இல்லத்தாய்):
முதலில் ராத்திரியைச் சரி பண்ணுங்கள் மேடம். பகல் முழுக்க வேலை பார்த்தவரே ராத்திரியும் அந்த ஹாலில் படுத்தால் அது தூக்கமே இல்லை, ஒரு காது எப்போதும் விழித்திருக்கும். பெரிய சம்பவம் நடந்தால் மறுநாள் அரை நாளாவது, விடுப்புக் கணக்கில் எழுதாமல், வீட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம், சம்பவம் நடந்தவுடன் "நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். பதிவேட்டில் எழுதத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் உட்கார வைத்து அடிபட்டதா என்று கேளுங்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, இல்லப் பணியாளர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். அந்தச் சட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் அடிக்க வரும் பதினைந்து வயதுப் பெண்ணை வலிக்காமல் எப்படி விலக்குவது, எப்போது நாமே விலகி நிற்பது என்று யாரும் காட்டித் தரவில்லை. அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

பதில் (மனநல சமூகப்பணியாளர்):
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இல்லத்தாய்க்குப் பிள்ளையின் முழுக் கதையும் தெரிய வேண்டியதில்லை, தெரிந்தால் சுமைதான். ஆனால் "தொட்டு எழுப்பாதீர்கள், விளக்கை அணைக்காதீர்கள், தட்டில் சோறு ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள்" என்கிற அளவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதுகிறோமே, அது அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதிலிருந்து இந்த நாலு வரியை மட்டும் எடுத்து அவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளை தானாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும், புதிய விஷயம் என்றால் தெரிவிக்கும் கடமை சட்டப்படி உண்டு, ஆனால் துருவித் துருவிக் கேட்பது அவர்கள் வேலை இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தூங்க முடியாதவரை மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். உடனே பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சம்வாத் என்கிற பிரிவு இந்த மாதிரி இல்லப் பணியாளர்களுக்கே பயிற்சி தருகிறது, எழுதிக் கேளுங்கள்.

பதில் (இல்லத்தில் வளர்ந்தவள்):
நான் பிள்ளையாக அங்கே இருந்தவள். ஒரு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அடுத்து வரும் அம்மாவை நாங்கள் படாத பாடு படுத்துவோம். இவங்களும் போயிடுவாங்கதானே, இப்பவே போகட்டும் என்கிற கோபம் அது. புதிதாக வருபவரிடம் இதைச் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் தன்னைத்தான் வெறுக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். லீவில் போகும்போது எந்தக் கிழமை திரும்பி வருவார் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கண்காணிப்பாளர்:
நன்றி. ஒரு சந்தேகம், இருப்பதே இரண்டு பேர். ஒருவரை அனுப்பினால் அந்த அரை நாளை யார் பார்ப்பது?

முன்னாள் இல்லத்தாய்:
நீங்கள்தான் மேடம். அலுவலக வேலையை வைத்துவிட்டு அந்த அரை நாள் ஹாலில் உட்காருங்கள். சமையல்கார அக்காவிடம் தள்ளிவிடாதீர்கள், அவருக்கும் அடுப்படியில் கை நிறைய வேலை. கூடவே ஆள் போதவில்லை என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் கொடுத்து, நகலைக் கோப்பில் வையுங்கள்.