ரூன்ஸ்கேப்: கிராண்ட் எக்ஸ்சேஞ்சுக்கு முந்தைய நாட்கள்

கேள்வி: வீரர்கள் நேரில் பேரம் பேசாமலே பொருள்களை வாங்கி விற்கும் மையச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் 2007 நவம்பரில் வருவதற்கு முன், ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை விளையாடியவர்கள் தங்கள் நினைவுகளைப் பகிர முடியுமா?

மறுமொழி 1: முதலாம் உலகில் (விளையாட்டின் முதல் சர்வரில்), வாரொக் நகர மேற்கு வங்கியின் வாசலில், தலைக்கு மேல் மஞ்சள் எழுத்துகள் மின்ன எல்லாரும் ஒரே நேரத்தில் விலை கூவுவார்கள், அந்த இரைச்சலில் பேரம் பேசி ரூன் வாள் வாங்கிய பெருமிதத்துக்கு விலைப்பட்டியல் ஈடாகாது.

மறுமொழி 2: எனக்குக் கரம்ஜா தீவுதான். போர்ட் சாரிமில் 30 நாணயம் கொடுத்துக் கப்பலேறி, கூண்டு வைத்துச் சிங்கி இறால் பிடித்து, பை நிறைந்ததும் அருகில் வங்கி இல்லாததால் மீண்டும் கடல் கடந்து டிரேனர் ஊர் வங்கி வரை நடப்போம். அலுப்பான வேலை; ஆனால் அருகில் நின்றவர்களோடு பேச்சு வளர்ந்தது அதனால்தான்.

மறுமொழி 1: உண்மை. எனினும், விளையாட்டின் பழைய வடிவத்தை மீட்டு 2013இல் வெளியான ஓல்ட் ஸ்கூல் பதிப்பில் முதலில் இல்லாத கிராண்ட் எக்ஸ்சேஞ்சை, பழைய சந்தையைப் புகழும் நம்மவர்களே வாக்களித்து 2015இல் வரவழைத்தார்கள்!