'ஆஃப்டர்புளோ'வுக்குக் கலைச்சொல்: மறுதாக்கும் இருபாடும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய வரலாற்று வாட்போரின் பயிற்சிச் சண்டைக்கு விதித்தொகுப்பு ஒன்றைத் தமிழில் எழுதும் பணியில், 'ஆஃப்டர்புளோ' (அடிபட்டவர் உடனே திருப்பித் தரும் அடி) என்ற சொல்லுக்கு ஈடாகப் பதிலடி, பின்னடி, எதிர்வெட்டு, ஈற்றடி ஆகிய நான்கு சொற்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. நான்கில் எதையும் என்னால் ஏற்க இயலவில்லை. அந்த விதி எந்தக் குறையைத் திருத்த ஏற்பட்டது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்றும், இருவரும் ஒருங்கே அடிபடும் 'டபுள்' என்ற மற்றொரு நிகழ்விலிருந்து இதைப் பிரித்துக் காட்டாத சொல் களத்தில் நிற்கும் நடுவருக்குப் பயன்படாது என்றும் கருதுகிறேன்.

குறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1410ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட தம் போர்க்கலை நூலின் முன்னுரையில், ஃபியோரே தெய் லிபேரி என்ற இத்தாலிய ஆசான், கவசம் ஏதுமின்றித் தையல் அங்கியும் மென்தோல் கையுறையும் மட்டும் அணிந்து, கூர்வாளோடு ஐந்து முறை பிற ஆசான்களை எதிர்கொள்ள நேர்ந்ததைச் சொல்கிறார். கவசம் பூண்டு களம் இறங்குபவன் பல அடிகளை வாங்கிய பின்னும் வெல்லக்கூடும். கூர்வாளின் முன்னே ஒரே ஒரு தடுப்புத் தவறினாலும் உயிர் போய்விடும் என்பது அவர் தரும் விளக்கம். இன்று நம் கையில் இருப்பதோ 'ஃபெடர்' எனப்படும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள மழுங்கிய பயிற்சி வாள். முகத்துக்கு வலைக்கவசமும் உடம்புக்குத் தடித்த அங்கியும் உண்டு. உயிரச்சம் இல்லாத இடத்தில், தன்னைக் காத்துக்கொள்ளாமல் எதிராளியை அடிப்பதிலேயே கருத்தாக இருக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. அச்சம் செய்த வேலையைப் புள்ளிக்கணக்கு செய்ய வேண்டியிருக்கிறது. பயிற்சிச் சண்டையின் விதிகள் அனைத்துக்கும் இதுதான் அடிப்படை.

ஒரு மோதலை அருகிருந்து பார்ப்போம். நெடுவாள் சண்டையில் சிவப்புப் பட்டை கட்டியவர், ஜெர்மானிய மரபில் 'சோர்ன்ஹாவ்' எனப்படும் வெட்டை வலத்தோளிலிருந்து சாய்வாக இறக்குகிறார். அது நீலப் பட்டையாளரின் தலையில் தெளிவாக விழுகிறது. வெட்டியவர், வேலை முடிந்தது என்று எண்ணி, வாளை எதிராளியின் வாளுக்கும் தம் உடலுக்கும் இடையே கொண்டுவராமல் அப்படியே நின்றுவிடுகிறார். வெட்டுப்பட்டவரின் கை அதற்குள் கிளம்பிவிடுகிறது. அவருடைய வாள் சிவப்பின் முன்கையில் படுகிறது. தலைமை நடுவர் 'ஹால்ட்' என்று நிறுத்த, மூலைகளில் நிற்கும் நடுவர்கள் கொடி உயர்த்துகிறார்கள். இங்கே முதல் தாக்கு உண்மையானது. அதற்கு முழு மதிப்புத் தர இயலாது என்பதும் உண்மை. தலையில் வெட்டுண்டவன் அந்தக் கணமே செயலற்றுப் போவான் என்று எந்த உறுதியும் இல்லை. ஆகவே அடித்தவருக்கு அடிபடாமல் விலகும் பொறுப்பும் உண்டு. ஆஃப்டர்புளோ விதி அந்தப் பொறுப்பை நினைவூட்டுவதற்காக ஏற்பட்டது. வெட்டுப்பட்டவருக்குப் பழிதீர்க்கும் வாய்ப்பைத் தருவது அதன் நோக்கமாகாது.

'டபுள்' வேறு வகை. இருவரும் ஒரே கணத்தில் தாக்கத் தொடங்குகிறார்கள், இருவரும் தடுக்கவில்லை, இருவரும் படுகிறார்கள். ஆஃப்டர்புளோவில் வரிசை உண்டு, குற்றத்தின் அளவு இருவருக்கும் வேறு; டபுளில் வரிசை இல்லை, குற்றம் இருவருக்கும் சமம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முன்மொழிவுகளைப் பார்க்கலாம். 'பதிலடி' நாளிதழ்களால் நமக்கு நன்கு பழகிய சொல், பழிவாங்கும் நெடியும் அதில் உண்டு; அதைவிட முக்கியமாக, எதிராளியின் வெட்டைத் தடுத்துவிட்டுத் திருப்பித் தரும் 'ரிப்போஸ்ட்' என்ற முறையான உத்திக்கு அதுவே மிகப் பொருத்தமான சொல் என்பதால், அதை அந்த உத்திக்கென்றே ஒதுக்கிவைக்க விரும்புகிறேன். தடுத்த பின் தருவது பதிலடி. பட்ட பின் தருவதற்கு வேறு சொல் வேண்டும். 'பின்னடி' கேட்பதற்கு நன்றாயிருந்தாலும், பின்னடித்தல் என்றால் ஒரு செயலைச் செய்யத் தயங்கிப் பின்வாங்குதல் என்ற பொருள் ஈழத்தமிழ் வழக்கில் வலுவாக நிலைத்திருக்கிறது. 'ஈற்றடி' என்றதும் யாப்பு படித்தவர்களுக்கு வெண்பாவின் முச்சீர் அடிதான் நினைவுக்கு வரும். 'எதிர்வெட்டு' குத்தை விட்டுவிடுகிறது. ஸ்ட்ராஸ்பர்கில் 1570இல் தம் வாட்போர் நூலை வெளியிட்ட யோவாக்கிம் மையரின் காலத்தில், ஜெர்மானியப் பயிலரங்குகளில் நெடுவாளால் குத்துவது வழக்கொழிந்திருந்தது என்பதால் அங்கே வெட்டு என்ற சொல்லே போதுமானதாக இருந்திருக்கும். இன்றைய நெடுவாள் போட்டிகள் பெரும்பாலும் குத்தையும் ஏற்கின்றன.

வெட்டு, குத்து, அறுப்பு மூன்றையும் ஒருங்கே சுட்டும் பொதுச்சொல்லாகத் 'தாக்கு' இருக்கிறது. அதிலிருந்து மறுதாக்கு என்ற சொல்லை முன்மொழிகிறேன். மறுதேர்வு, மறுவாக்குப்பதிவு ஆகியவற்றில் 'மறு' என்பது மீண்டும் என்ற பொருளில் வருவதால், முதலில் தாக்கியவரே மீண்டும் தாக்குவதாக இது பொருள்படாதா என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் மறுமொழியை முதலில் பேசியவர் சொல்வதில்லை. மறுமடலை முதலில் எழுதியவர் எழுதுவதில்லை. இந்த வழியில் மறுதாக்கு, பட்டவர் திருப்பித் தருவதைச் சுட்டும். முதலில் தாக்கியவரே அடுத்தடுத்துத் தாக்கினால் அதைத் தொடர்தாக்கு என்று வேறாக வரையறுத்துவிட்டால் குழப்பத்துக்கு இடமிருக்காது.

'டபுள்' என்பதற்கு 'இரட்டை வெட்டு' என்று சிலர் எழுதுகிறார்கள். ஒருவரே இரு முறை வெட்டியதாகத்தான் அது ஒலிக்கிறது. இதற்குத் தமிழிலேயே ஒரு பழைய வழி கிடைக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் தும்பைத் திணையின் துறைகளுள் ஒன்றாக 'இருவர் தலைவர் தபுதிப் பக்கமும்' என்று இரு தலைவரும் ஒருங்கே மடிவதைத் தனியே எண்ணுகிறது. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் வீழ்ந்ததைக் கழாத்தலையார் புறநானூற்று 62ஆம் பாட்டில் பாடுகிறார். வென்றவர் என்று எவரும் அங்கே இல்லை. 'தபுதி' இன்று வழக்கில் இல்லை. 'படு' மட்டும் அன்றுபோல் இன்றும் உயிரோடு இருக்கிறது: நடுகற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' (ஆநிரையை மீட்டு மடிந்தான்) என்று வருவதும் அதுதான், நாம் அடிபட்டான், வெட்டுப்பட்டான் என்பதும் அதுதான். இருவரும் படுவது இருபாடு. 'உடன்பாடு' என்ற சொல் ஒப்பந்தம் என்ற பொருளுக்குப் போய்விட்டதால், இதுவே எஞ்சுகிறது. நடுவர் உரக்கச் சொல்வதற்கு ஏற்ற குறுகிய சொல் என்பதும் இதன் சிறப்பு. இதற்கு இணையாக ஆஃப்டர்புளோவை 'மறுபாடு' எனலாமே என்று எனக்கும் தோன்றியது. இரைச்சல் மிகுந்த அரங்கில் அது 'மாறுபாடு' என்றே காதில் விழும்.

இனிக் கால எல்லை. மறுதாக்கு எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும்? எப்பே என்ற நவீன வாள்விளையாட்டில் ஏறத்தாழ 40 மில்லிநொடிக்குள் இரு தொடுகையும் நிகழ்ந்தால் மின்கருவி இருவருக்கும் விளக்கேற்றிவிடும். நம் சண்டையில் மின்கருவி இல்லை, கண்தான் உண்டு. நொடிக்கணக்கை விதியில் எழுதினால் எவராலும் அளக்க இயலாது. இத்தாலிய மரபின் 'டெம்போ' என்ற கருத்து இங்கே உதவுகிறது. அது கடிகார நேரத்தை விட்டுவிட்டு ஓர் அசைவு தொடங்கி முடியும் அளவையே காலமாகக் கொள்கிறது. இதை வீச்சுப்பொழுது என்று சொல்லலாம். மூன்று சொற்களையும் வைத்து விதியை எழுதிப் பார்க்கிறேன்:

"முதல் தாக்கு பட்ட பின், பட்டவர் ஒரு வீச்சுப்பொழுதுக்குள் தரும் தாக்கு மறுதாக்கு எனப்படும். இருவருடைய தாக்கும் ஒரே வீச்சுப்பொழுதில் தொடங்கித் தடுப்பின்றி இருவர் மேலும் பட்டால் அது இருபாடு எனப்படும்."

படித்தால் இடறவில்லை என்று நினைக்கிறேன். மதிப்பிடும் முறைக்கும் பெயர்கள் தேவைப்படும். முதல் தாக்கின் புள்ளியிலிருந்து ஒன்றைக் குறைப்பது கழித்தல் முறை. மறுதாக்குப் பட்டாலே முதல் தாக்கின் புள்ளி முழுவதும் அற்றுப்போவது நீக்கல் முறை. தலைக்கு மூன்று புள்ளி என்று கொண்டால், மேற்சொன்ன மோதலில் சிவப்புக்குக் கழித்தல் முறையில் இரண்டு கிடைக்கும், நீக்கல் முறையில் ஒன்றும் கிடைக்காது. நீக்கல் முறை வலுவான கண்டிப்பாகத் தோன்றினாலும், தலையில் பட்டவர் தடுப்பை மறந்து எதிராளியின் காலையோ கையையோ எப்படியாவது தொட்டுவிட்டால் போதும் என்று ஆடத் தொடங்கிவிடுவார். எந்த அச்சமின்மையைத் திருத்த வந்தோமோ அதையே விதி வளர்த்துவிடும். ஆகவே நான் கழித்தல் முறையின் பக்கம் நிற்கிறேன். இருபாட்டுக்கு வெறும் சுழியம் போதாது: முன்னிலையில் இருப்பவர் வேண்டுமென்றே இருபாட்டை உண்டாக்கி, எஞ்சிய மோதல்களை வீணே கழித்துவிட முடியும். மூன்று இருபாடு நிகழ்ந்தால் இருவரும் தோற்றதாக அறிவிக்கும் வழக்கம் பல போட்டிகளில் இருப்பதற்கு இதுவே காரணம். நம் தொகுப்பிலும் அது இடம்பெற வேண்டும்.

ஒரு சொல் இன்னும் எஞ்சியிருக்கிறது. தாக்கிய பின் எதிராளியின் வாளைத் தம் வாளால் அடக்கியபடியே பாதுகாப்பாக விலகுபவருக்குச் சில போட்டிகளில் கூடுதல் புள்ளி உண்டு. 'கட்டுப்பாட்டுத் தாக்கு' என்றால் வேகத்தை அடக்கி மெதுவாக அடித்ததாகவும் பொருள்படும். 'காப்புத்தாக்கு' என்பது என் தற்காலிக முன்மொழிவு. அடிமுறையோ சிலம்பமோ பயின்றவர்கள் நம் குழுவில் உண்டு. அடித்துவிட்டு எதிராளியின் கம்பை அடக்கியே விலகுவதற்கு உங்கள் ஆசான்கள் வழங்கும் சொல் ஏதும் இருந்தால், அதை எந்த ஊரில் கேட்டீர்கள் என்ற குறிப்போடு எழுதுங்கள்.