கெடிலம், தென்பெண்ணை வடிநிலங்களின் வெள்ளக் கணிப்பு: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் கடலைச் சேரும் கெடிலம், தென்பெண்ணை ஆகிய இரு ஆறுகளிலும், பெய்யும் மழையில் எவ்வளவு நீர் வழிந்தோடி வரும் என்பதை ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ். மென்பொருளில் கணித்து வருகிறேன். சிறிய வேளாண் நீர்ப்பிடிப்புகளுக்காக அமெரிக்காவில் உருவான வளைவு எண் முறை (மண், நிலப்பயன்பாடு ஆகியவற்றைக் குறிக்கும் ஓர் எண்ணைக்கொண்டு வழிந்தோடும் நீரை மதிப்பிடுவது) கெடிலத்துக்கு ஓரளவு பொருந்துகிறது. நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து வரும் தென்பெண்ணைக்கோ அது மட்டும் போதாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து நாம் கண்டதுபோல, இங்கு பெய்த மழையைவிட சாத்தனூரில் திறந்துவிடப்பட்ட நீரே கரையோர ஊர்களை அதிகம் மூழ்கடிக்கிறது.

துணை வடிநிலங்களை எந்த அளவில் பிரிப்பது, சாத்தனூருக்குக் கீழுள்ள மணற்பாங்கான ஆற்றுப்பகுதிக்கு மஸ்கிங்கம் முறையின் (வெள்ளம் ஆற்றின் வழியே கீழ்நோக்கி நகர்வதைக் கணிப்பது) பயண நேரத்தை எதைக்கொண்டு நிர்ணயிப்பது என்பவையே என் ஐயங்கள். இடையிலுள்ள ஏரிகள் நிரம்பும்வரை முதல் மழையைப் பிடித்துவைப்பதால், வளைவு எண் முறையில் வழக்கமான 0.2 என்ற தொடக்க இழப்பு விகிதத்தையும் (நிலம் அதிகபட்சம் பிடித்துவைக்கக்கூடிய நீரில், வழிந்தோட்டம் தொடங்குமுன் இழக்கப்படும் பங்கு) அப்படியே ஏற்க மனம் ஒப்பவில்லை. இவ்வடிநிலங்களில் பணியாற்றியவர்கள் தாங்கள் கையாண்ட மதிப்புகளைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.