டெல்டாவில் அருவி தேடுகிறவர்களுக்கு, கல்லணை போய் வந்த கதை

பேராவூரணியிலிருந்து:

திருச்சிக்குப் பக்கத்தில் அரை நாளில் போய்வர அருவி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். காவிரி டெல்டா முழுக்கச் சமதரை. அருவி வேண்டுமென்றால் புளியஞ்சோலை, கொல்லிமலைப் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டால் போதும் என்றால் கல்லணைக்குப் போங்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நேரடியாக பஸ் இருக்கிறது.

போன வருஷம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எங்கள் ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலமும் புதாற்றுப் பாசனம்தான். கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் பக்கம் புதாறு என்போம். ஆயுசு முழுக்க அந்தத் தண்ணீரில் நடவு நட்டவர், அது பிரிகிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நாற்று விட்டுவிட்டு வாய்க்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கப்பா, போய்த்தான் பாத்துட்டு வருவோமே" என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சத்தம் கேட்டது. பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால், ஷட்டருக்கு அடியில் சீறி வருகிற தண்ணீர் வெள்ளையாக உடைந்து, கொஞ்ச தூரம் போய்ச் செம்மண் நிறத்துக்கு மாறுகிறது. சாரல் முகத்தில் அடித்தது. அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கவே இல்லை.

காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம் என்று நான்காகப் பிரிவதை ஒவ்வொரு பாலமாக நடந்து காட்டினேன். கொள்ளிடத்தில் மட்டும் மணல்தான் தெரிந்தது. அங்கே வெள்ளம் மிஞ்சினால்தான் விடுவார்கள். அப்பாவுக்கு அதில்தான் சந்தேகம். "கொள்ளிடம் இவ்வளவு பள்ளமா கெடக்கே, தண்ணி ஏன் இங்கிட்டு ஓடல?" என்றார்.

விஷயமே அதுதான். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிற இரண்டு ஆறும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்து இங்கே மறுபடி நெருங்குகின்றன. காவிரி மேடு, கொள்ளிடம் பள்ளம். விட்டால் இரண்டையும் இணைக்கிற உள்ளாறு வழியாக எல்லாத் தண்ணீரும் கொள்ளிடத்தில் இறங்கி வீணாகக் கடலுக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் காலத்தில் ஆற்று மணலிலேயே பெரிய பெரிய கல்லாகப் போட்டு அமிழ்த்தி, களிமண் சாந்து வைத்து, வளைந்து வளைந்து அணை கட்டினார்கள். நீளம் 329 மீட்டர். இன்று நாம் பார்க்கிற ஷட்டரெல்லாம் பிற்காலத்தில் வெள்ளைக்காரர்கள் வைத்தது. கல் அடியில் இருக்கிறது.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பள்ளத்துக்கு ஓடுற தண்ணிய மேட்டுல நிறுத்திருக்கான்யா" என்றார். மணிமண்டபத்தில் யானை மேல் இருக்கும் கரிகாலன் சிலைக்கு எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எங்கள் பக்கத்தில் மழை பெய்தாலும் வரப்பில் அப்படிக் கும்பிடுவார். ஒரு மனிதனின் சிலைக்கு அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வாசலில் பொரித்த மீன் விற்கிறார்கள். கெண்டை நன்றாக இருந்தது, முள்தான் அதிகம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து:

தம்பி, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே போகிறவர்கள் தயவுசெய்து ஷட்டருக்குக் கீழே இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் சுழல் இருக்கும். மணல் அள்ளிய குழிகள் வேறு. ஒரு ஆடிப்பெருக்கன்று, இடுப்பளவு தண்ணீர்தானே என்று என் சித்தப்பா மகன் இறங்கினான். காலுக்கடியில் மணல் நழுவி, இரண்டே நொடியில் தலை மறைந்தது. பரிசல்காரர் ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்றைக்குக் கிளறிய காப்பரிசியை யாரும் வாயில் வைக்கவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் அம்மா மண்டபம் படித்துறையிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கருகமணி காதோலையை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

தண்ணீரின் வேகம் சாதாரணமில்லை. முக்கொம்பில் 1836ல் கட்டிய கொள்ளிடம் மேலணையில் 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன். சின்ன வயதில் பிடித்துக்கொண்டு நின்ற கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கையை விடாதீர்கள்.

அப்பா பார்த்த தண்ணீர் ஊருக்கு எப்போது வந்து சேர்ந்தது, தம்பி?

பேராவூரணியிலிருந்து:

நன்றிக்கா. நாங்கள் கடைமடை, கால்வாயின் கடைசிப் பகுதி. முறை வைத்து விடுவதால் பதினோரு நாள் ஆனது. ராத்திரி ஒரு மணி இருக்கும், பக்கத்து வயல்காரர் குரல் கொடுத்தார். நான் எழுந்து வெளியே வருவதற்குள் அப்பா டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மடைக்குப் போய்விட்டிருந்தார்.