குட்டை பேரல் ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட் சரி?

அம்பை_சாரல் கேட்டது:

வணக்கம் அண்ணாச்சிமாரே. 0.177 அங்குல (4.5 மி.மீ.) துளை ஸ்பிரிங் ஏர் ரைபிள், பேரலை மடக்கி ஏத்துற மாடல். பேரல் நீளம் 12 அங்குலந்தான். கடையில கிடைச்ச 7 கிரெயின் (0.45 கிராம்) கூர்மூக்கு பெல்லட் (ஈயக் குண்டு) போட்டா, 10 மீட்டர்ல அஞ்சு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குச் செதறுது. சுடும்போது 'டங்'னு இரும்புல அடிச்ச மாதிரி ஒரு சத்தம் வேற. பேப்பர் டார்கெட் மட்டுந்தான் சுடணும், வேற எதுவும் இல்ல.

குட்டை பேரலுக்கு லேசான குண்டுதான் போடணும்ங்காங்க, நிசமா? தட்டை மூக்கா, உருண்டை மூக்கா? அப்புறம், கடினமான ஸ்பிரிங்கா மாத்தி, பேரலை இன்னும் ரெண்டு அங்குலம் அறுத்துட்டா கைக்கு அடக்கமா இருக்குமேன்னு ஒரு யோசனை.

---

லேத்துப்பட்டறை:

கடைசிக் கேள்வியிலிருந்து வாரேன். அறுக்காதீங்க. குண்டு பேரலை விட்டு வெளிய வார அந்த நுனி விளிம்புதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். அது ஒரு முடி அளவு சாஞ்சிருந்தாலும் காத்து ஒரு பக்கமா முந்திப் பீச்சி, குண்டோட வாலைத் தள்ளிவிட்டுரும். ஹேக்சாவால அறுத்து அரம் போட்டு அதை நேராக்க முடியாது. சில பேரல்ல நுனிப்பக்கம் துளையைக் கொஞ்சம் இறுக்கி விட்டிருப்பான். அறுத்தா அந்த இறுக்கமும் துண்டோட போயிரும்.

இனி குண்டு. நீங்க கேள்விப்பட்டது தப்பு. ஸ்பிரிங் ரைபிள்ல குண்டுக்குக் கிடைக்கிற தள்ளு பூராவும் முதல் சில அங்குலத்துக்குள்ளேயே முடிஞ்சுரும். மிச்ச பேரல் வழிகாட்டத்தான். அதனால 12 அங்குலம்ங்கிறதுனால வேகம் பெருசா கொறையாது. பிசிபி துப்பாக்கின்னா (முன்கூட்டியே காத்தை அடைச்சு வச்சுச் சுடுறது) கதை வேற. அதுல காத்து பேரல் முடிய விரட்டிக்கிட்டே வரும், அங்கதான் குட்டை பேரல் வேகத்தைத் தின்னும், வெளிய சத்தமும் கூடும்.

அந்த 'டங்' சத்தந்தான் உங்களுக்குப் பதில். குண்டு லேசா இருந்தா, பிஸ்டனுக்கு (ஸ்பிரிங் தள்ளிக் காத்தை இறுக்குற தண்டு) முன்னால காத்து மெத்தை மாதிரி இறுகுறதுக்குள்ள குண்டு ஓடிப்போயிரும். பிஸ்டன் தடுக்க ஆளில்லாம முன்சுவர்ல போய் மோதும். கொஞ்ச நாள்ல பிஸ்டன் வாஷர் கிழியும், ஸ்பிரிங் ஒடியும். குண்டில்லாம சுடுறதும் இதே கதிதான். ரொம்பக் கனமானதும் ஆகாது. 10 கிரெயினுக்கு மேல போனா குண்டு நகர மறுத்து, பிஸ்டன் மோதுற இடத்துக்கு வராம பின்னால எகிறும், சுடும்போது துப்பாக்கி ரெண்டு தடவை உதறுன மாதிரி இருக்கும். உங்களுக்கு 7.9 முதல் 8.4 கிரெயின் வரை, அதாவது 0.51 முதல் 0.55 கிராம் வரைக்கும் தேடுங்க.

குட்டை பேரலோட நிசமான குறை வேற இடத்துல இருக்கு. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில 30 செ.மீ. இருந்து, பார்வையில அரை மி.மீ. பிசகுனா 10 மீட்டர்ல 16, 17 மி.மீ. தள்ளிப்போகும். அதே 45 செ.மீ. இடைவெளின்னா 11 மி.மீ. தான். பின்னால துளைக் குறி (சின்ன ஓட்டை வழியாப் பாக்குற குறி) மாட்டுனா, அது கண்ணுக்குக் கிட்ட போயிருதனால இடைவெளி கூடும். குண்டு மாத்துறதுக்கு முன்னால இதைப் பாருங்க.

---

பாளை_பத்துமீட்டர்:

பேப்பருக்குத் தட்டை மூக்குதான். ஓட்டை வட்டமா, சுத்தமா விழும், மதிப்பெண் பாக்கச் சண்டை வராது. உருண்டை மூக்கு 25 மீட்டருக்கு மேல காத்தை வெட்டிப் போக நல்லது. கூர்மூக்கு எதுக்கும் உதவாது. அந்த முனை நடுவுல சரியா உக்காந்திருக்கிறதே அபூர்வம்.

ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 ரைபிள் வகை 0.53 கிராம், எச்&என் ஃபினாலே மேட்ச் ஹெவியும் அதே எடை. உருண்டையில ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெயின். ஆனா டப்பாவுல இருக்கிற பேரைவிட, மேல ஒட்டியிருக்கிற தலை அளவு முக்கியம்: 4.49, 4.50, 4.51, 4.52 மி.மீ. உங்க பேரலுக்கு எது பிடிக்கும்னு பேரலைத்தான் கேக்கணும்.

வழி சொல்லுதேன். ஒவ்வொரு வகையிலயும் முதல்ல 20, 30 குண்டைக் கணக்குல எடுக்காம சுடுங்க. பழைய ஈயப்பூச்சு மாறி புதுசு படிஞ்சாத்தான் பேரல் அடங்கும். அப்புறம் ஒரு பேப்பருக்கு 5 குண்டு வீதம் 5 பேப்பர். ஒரே ஒரு நல்ல குரூப்பை (ஒரு பேப்பர்ல விழுந்த அஞ்சு ஓட்டையோட கூட்டம்) பாத்து ஏமாறாதீங்க, அஞ்சோட சராசரியைப் பாருங்க. ரொம்ப விலகுன ரெண்டு ஓட்டையோட வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழிச்சா நடுவுக்கு நடுவு தூரம். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) 10 மீட்டர் ரைபிள் டார்கெட்ல பத்து ஒரு 0.5 மி.மீ. புள்ளிதான், குண்டு அதைத் தொட்டாலே பத்து. ஆக நடுப்புள்ளியிலிருந்து 2.5 மி.மீ.க்குள்ள விழணும். துப்பாக்கியே 5 மி.மீ. குரூப்புக்கு மேல போட்டா, சுடுறவன் எவ்வளவு நல்லா சுட்டாலும் எல்லாம் பத்தாகாது.

ஸ்பிரிங் ரைபிளை மணல் பைமேல அழுத்தி வச்சுச் சுடாதீங்க. அது துள்ளுற துப்பாக்கி. விரிச்ச உள்ளங்கையில தளர்வா கிடக்கட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல. இறுக்கிப் பிடிச்சா எந்தக் குண்டும் செதறும், நீங்க பாவம் குண்டைத் திட்டுவீங்க.

---

அம்பை_சாரல்:

தலை அளவைக் கையால பாக்க முடியுமா? ஸ்பிரிங் ஆசையும் இன்னும் விடல.

---

பாளை_பத்துமீட்டர்:

குண்டைப் பேரலுக்குள்ள விரல் நுனியால தள்ளும்போது மெதுவா எதிர்த்து உக்காந்தா சரி. தானா வழுக்கி விழுந்தா சிறுசு. நகத்தால குத்தி, வால் நசுங்குற அளவுக்கு அழுத்துனாத்தான் போகும்னா பெருசு. கண்ணாடித் தட்டுமேல உருட்டிப் பாருங்க, வால் நெளிஞ்சது தத்தித் தத்திப் போகும். அதைத் தனியா ஒதுக்குங்க. 0.01 கிராம் காட்டுற நகைத்தராசு இருந்தா எடை வாரியாவும் பிரிக்கலாம், அது அடுத்த கட்டம். வெள்ளையாப் பூத்த பழைய குண்டைத் தூக்கிப் போடுங்க, ஊதாதீங்க, அது ஈயத்தூள். சுட்டு முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொடணும்.

---

தேரிமணல்:

ஸ்பிரிங்குக்குச் சட்டக் கணக்கு ஒண்ணு இருக்கு. 2016 ஆயுத விதிப்படி துளை 4.5 மி.மீ.க்கு மேல போனாலோ, நுனி ஆற்றல் (பேரலை விட்டு வெளிய வாரப்போ குண்டுக்கு உள்ள ஆற்றல்) 20 ஜூலைத் தாண்டுனாலோ உரிமம் வேணும். 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 275 மீட்டர் தொட்டா 20 ஜூல். 10 மீட்டர் பேப்பருக்கு 170 மீட்டரே தாராளம், அது 8 ஜூல்கூட வராது. வேகம் கூடுனா உதறல் கூடும், குரூப் கெடும். எதுக்கு?

வேகமானி இல்லாட்டியும் அளக்கலாம். சுடுற இடத்துக்கும் டார்கெட்டுக்கும் சரி நடுவுல, குண்டு பாதைக்கு ஒதுங்கின மாதிரி போனை வச்சு ஒலிப்பதிவு போடுங்க. சுட்ட சத்தமும் பட்ட சத்தமும் போனுக்கு வர ஒரே தூரந்தான், அதனால ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரம் குண்டு பறந்த நேரம். 10 மீட்டருக்கு 0.058 வினாடின்னா சராசரி 172 மீட்டர்.

தடுப்புக்குப் பனந்தடி வைக்காதீங்க, வைரம் பாஞ்ச தடியில பட்டுக் குண்டு திரும்பி வரும். காம்பவுண்டுச் சுவரும் அப்படித்தான். ஒரு மரப்பெட்டியில பழந்துணியை நல்லா அமுக்கித் திணிச்சு, பின்னால இரும்புத் தகடு, அதுக்குப் பின்னால ஆள் நடமாட்டம் இல்லாத இடம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மயில், கொக்குன்னு எதுவும் அந்தப் பக்கம் வந்தா துப்பாக்கியைக் கீழ வச்சுருங்க, வனவுயிர்ச் சட்டம் 1972 விளையாட்டு இல்ல.

ஆடிக்காத்துல முற்றத்துல வச்சுக் குண்டைச் சோதிக்காதீங்க. நம்ம பக்கம் அடிக்கிற அடிக்கு 10 மீட்டர்லயே சில மி.மீ. தள்ளிவிடும், பத்தைக் கெடுக்க அது போதும். விடியக்காலம், இல்லாட்டி பட்டாசாலைக்குள்ள (வீட்டுக் கூடம்).

---

லேத்துப்பட்டறை:

ஒண்ணு விட்டுட்டேன். புது டப்பா வாங்குறதுக்கு முன்னால கட்டையில இருக்கிற திருகாணி எல்லாத்தையும் ஒருக்கா பாருங்க. அந்த 'டங்' அடியில அதுகதான் முதல்ல தளரும். முன்கட்டைத் திருகாணி கால் சுத்து தளந்திருந்தாலே குண்டு உள்ளங்கை அகலத்துக்குச் செதறும். பிஸ்டன் அறைக்குள்ள சாதா எண்ணெய் விடாதீங்க, அழுத்தத்துல பத்திக்கிட்டுப் புகையும், வாஷர் கருகும். தோல் வாஷர்னா அதுக்குன்னு உள்ள எண்ணெய் ரெண்டே சொட்டு, ராத்திரி பூரா நிமித்தி வச்சுட்டு மறுநாள் சுடுங்க.